குளிரும் கணக்குகள்

என் கணவரின் அக்காவுக்குப் பட்டம் கிடைக்க ஒரே ஒரு தாள் பாக்கி இருந்தது. விலங்கியலுக்குத் துணைப்பாடமாக வரும் வேதியியல். பழைய அரியர்காரர்களுக்கு இதுவே கடைசி வாய்ப்பு என்று அறிவிப்பு வந்தது. தவறவிட்டால் மூன்று வருடப் படிப்பும் வீண்; சேர நினைத்திருந்த பி.எட்.டும் இல்லை.

கருக்களாச்சேரியில் மீன் ஏலம் முடித்து, குளித்துவிட்டு, பதினொரு மணிக்குத் தலத்தெருவில் எங்கள் வீட்டுக்கு வருவார். எனக்கு வேதியியல் தெரியாது. நாளிதழில் மாலைப் பணியில் பிழை திருத்துபவள் நான். விடைக்குறிப்போடு அவர் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும் என் பங்கு.

கரிம வேதியியல் அவருக்கு எளிதாக வந்தது. அமீன்களின் மீன் வாடை பற்றிய கேள்வி வந்தபோது முந்தானையை என் மூக்கருகே நீட்டி, குளித்தும் போகவில்லை பார் என்றார். ஒரு மாற்றத்தில் வெப்பம் வாங்கப்படுகிறதா, கொடுக்கப்படுகிறதா என்று கணக்கிடும் என்தால்பியில்தான் இடறினார். பத்துக் கணக்கில் மூன்று நான்கு தவறும். எண் தசமப் புள்ளிவரை சரியாக இருக்கும். பிளஸ் வர வேண்டிய இடத்தில் மைனஸ் இருக்கும். கவனக்குறைவு என்று மூன்று நாள் நினைத்தேன்.

நான்காம் நாள் தவறியவற்றை மட்டும் ஒரு தாளில் எடுத்தெழுதினேன். பனிக்கட்டி உருகுதல், ஆல்கஹால் ஆவியாதல், நவச்சாரம் தண்ணீரில் கரைதல். எரிதல் கணக்கு ஒன்றுகூட இல்லை. எல்லாம் சில்லென்று ஆகிறவை.

"அக்கா, ஐஸ் உருகுறப்ப கொடுக்குதா, வாங்குதா?"

"இது ஒரு கேள்வியா? கொடுக்குது. இல்லாட்டி பெட்டியில மீனு எப்படி நிக்கும்?"

"என்னத்த கொடுக்குது?"

"குளிர்ச்சியத்தான். கொடுத்தா மைனஸ். நீதானே தெனம் படிச்சுக் காட்டுற."

புத்தகத்தைத் திருப்பி அவர் முன் வைத்தேன். அதில் குளிர்ச்சி என்று ஓர் அளவே இல்லை, வெப்பம் மட்டும்தான். வரிமேல் விரல் வைத்துப் படித்தார்.

"அப்ப மீனோட சூட்டத்தான் ஐஸு வாங்கிக்குது."

"ஆமாக்கா."

"இத்தன வருசமா கரையில ஒருத்தரும் இத சொல்லலியே" என்று சிரிக்கத் தொடங்கியவர், சிரித்துக்கொண்டே சிவப்புப் பேனாவால் மைனஸ் ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறுக்குக் கோடு போட்டு பிளஸ் ஆக்கினார். அன்று போட்ட பதினைந்து கணக்கிலும் தவறில்லை.

தேர்வு முடிவு வந்தபோது அலுவலகத்தில் இருந்தேன். பதிவெண்ணை இலக்கம் இலக்கமாக இரண்டு முறை ஒப்பிட்ட பிறகே அழைத்தேன். மாலை ஏலச் சத்தம் காதை அடைத்தது. பாஸ் என்றேன். மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு போனை விலக்கி யாரிடமோ, "நான் டிகிரி முடிச்சிட்டேன்" என்று சொல்வது கேட்டது. விலை கூவிக்கொண்டிருந்த குரல் நின்றது. பல பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

போனுக்குத் திரும்பியவர், "பி.எட். ஃபாரம் எப்ப கடைசி?" என்றார்.

வெள்ளிக்கிழமை என்றேன்.

"நாளைக்கே வர்றேன். நீ லீவு போடு."