பதினேழாம் நம்பர் குப்பை

தில்லை நகரில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் இருந்தார். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். குப்பை வண்டி வருமுன் ஒவ்வொரு கவரிலும் மார்க்கரால் தன் வீட்டு நம்பரை, 17 என்று, எழுதுவார்.

“எதுக்கு டீச்சர்?” என்று கேட்டேன்.

“குப்பைக் கிடங்குல தீப்பிடிச்சா ஊர்க் குப்பைன்னு சொல்லிடறோம். அதுல என்னுதும் இருக்குன்னு தெரியணும்ல?”

ஒருநாள் தெருமுனையில் 17 என்று எழுதிய கவரொன்றை நாய் கிழித்துப் போட்டிருந்தது. உள்ளே மீன்முள். டீச்சர் மீன் சாப்பிடாதவர். கண்ணாடியை இறக்கி நம்பரைப் பார்த்தார். பிறகு குனிந்து அள்ளத் தொடங்கினார்.

“இது உங்க குப்பை இல்லையே டீச்சர்.”

“நம்பர் என்னுதுதானே” என்றார்.

எழுதியது யாரென்று அவர் கேட்கவேயில்லை. அதற்கு முந்தினநாள் எங்கள் வீட்டிலும் மீன்தான். என்னைச் சந்தேகப்பட்டாரோ என்று இன்றும் யோசிக்கிறேன். எங்கள் கவரில் நான் எந்த நம்பரும் எழுதியதில்லை.