மிச்சம் வைக்காத மூங்கில்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அங்கேயே காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று உழைத்து, சென்ற ஆண்டு எங்களைப் பிரிந்த மூத்த அண்ணனைப் பற்றி நினைவு மலருக்குப் பெருமையாக எழுதச் சொன்னார்கள். பெருமைகள் உண்டு. ஆனால் எங்கள் குடும்பம் கூசி நின்ற ஒன்றை விட்டுவிட்டு எழுத மனம் வரவில்லை.

அப்பா நோயில் படுத்ததும் வீட்டுச் சுமை அண்ணன் தலையில் விழுந்தது. வேலை விட்டு வந்து தூண்டில் கம்பு செய்வார். மூங்கிலை அடுப்புக்கு மேலே கட்டி மாதக்கணக்கில் புகையில் காயவிடுவார். சைக்கிள் கம்பியை ஆணியில் வளைத்து, தூண்டில் நரம்பு ஓட வளையம். சாராயப் போத்தல் தக்கைகளைக் கோத்துக் கைப்பிடி. வளையம் கட்டும் நூல் தளராமலிருக்க, அண்ணியின் இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் விட்டு இழுப்பார். பிடிக்கப்போகிறவர் கையைப் பார்த்துத்தான் கம்பின் கனம். பண்டாரவளை டவுனிலிருந்துகூடக் கேட்டு வந்தார்கள்.

அப்பா இறந்தது அடைமழையில். மூங்கில் வெட்டப் போக வழியில்லை. காயவிட்டிருந்ததையே பாடைக்கு எடுத்தோம். அறுத்த நுனிகள் வாசலில் கிடந்தன. பாடை மூங்கிலின் மிச்சத்தை மயானத்திலேயே போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் எடுக்கக்கூடாது. அண்ணனுக்கும் அது தெரியும். ஆனால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐயாவுக்குக் கம்பு தருவதாகச் சொன்ன நாள் நெருங்கியிருந்தது. நல்ல நுனிகள். ஒன்றை எடுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அண்ணி கேட்டபோது அவர் மறைக்கவில்லை.

“மாமாவத் தூக்கிட்டுப் போன மூங்கிலயா? உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?”

அண்ணி அழுதது பக்கத்துக் காம்பிரா வீடுகளுக்கெல்லாம் கேட்டது. மறுநாள் கணக்கப்பிள்ளை கம்போடு வந்தார். “கோவிச்சுக்காதீங்க, பிள்ளைக உள்ள வீடு” என்றார். பிறகு எந்தக் குறையும் இல்லாத பழைய கம்புகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து எங்கள் சுவரில் சாய்ந்தன. அண்ணன் எல்லாவற்றையும் தூக்கிப்போய் மயானத்தில் எரித்தார். வெகு நாள் நாங்கள் யாரும் நிமிர்ந்து நடக்கவில்லை.

சில வருடங்களில் ஊர் மறந்தது; மறுபடி கம்பு கேட்டு வந்தது. அண்ணன் மறக்கவில்லை. கொடுக்கும்போதெல்லாம், கேட்காமலே, “இது ஓடைக்கரையில வெட்டுனதுங்க” என்பார். பக்கத்தில் நிற்கும் என்னால் வாங்குபவர் முகத்தைப் பார்க்க முடியாது.

அண்ணன் கண்மூடிய அன்று பையன்கள் மூங்கில் வெட்டக் கத்தியோடு கிளம்பினார்கள். அண்ணி அடுப்புக்கு மேலே கையைக் காட்டினார். “போக வேணாம். பாடைக்குன்னு அவங்களே அளவா அறுத்து வச்சிட்டாங்க. நுனியெல்லாம் போன மாசமே எரிச்சிட்டாங்க.”

சோறாக்கிப் போட்ட லயத்தாருக்கும், தள்ளாத வயதிலும் தோள் கொடுத்த கணக்கப்பிள்ளை ஐயாவுக்கும், வந்து நின்ற அனைவருக்கும் எங்கள் நன்றி. கத்தியோடு வந்த பையன்களுக்கும் நன்றி. பாடை கட்டி முடித்தபோது எங்கள் வாசலில் ஒரு துண்டு மூங்கில்கூடக் கிடக்கவில்லை.