என் எடைக்கல்லும் அவன் இன்டர்வியூவும்

போன வருஷம் ஆடி மாசம், பாரிவாக்கத்துல எங்க தெருவுல நடந்தது இது. நான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன வெல்டிங் பட்டறைல கீறேன். பதினொண்ணாவதோட நான் படிப்ப நிறுத்திட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறேன். பள்ளிக்கூடத்துல கேட்டா அவங்கதான் நிறுத்துனோம்னு சொல்வாங்க.

மூணாவது ஊட்டு பையன் என் கூட்டாளி. பி.இ. மெக்கானிக்கல் முடிச்சவன். தெருவே அவன இஞ்சினியர்னு கூப்புடும். நான் மட்டும் இஞ்சினியர் சார்னு கூப்புடுவேன், செம கடுப்பாவான். நாலு இன்டர்வியூ போய் நாலுலயும் ஊத்திக்கிச்சு. அஞ்சாவது வர்ற திங்கக்கெழம, அம்பத்தூர்ல கியர் செய்ற ஒரு கம்பெனில. இதுவும் போச்சுன்னா அவங்கப்பா வேலை செய்ற குடோன்லயே மூட்டை எண்ணற வேலைக்குப் போயிடறேன்னு ஊட்ல சொல்லிட்டான். அவங்கம்மா ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசல.

அந்த பயத்துலதான் என்கிட்ட வந்தான். "மச்சான், நீ கம்பெனிக்காரன் மாதிரி உக்காந்து கேள்வி கேளுடா. எதிர்ல ஆள் இருந்தா எனக்கு வாய் வரமாட்டேங்குது"ன்னான்.

கேக்கணுமா. எங்கண்ணன் கல்யாண கோட்ட எடுத்து லுங்கி மேல மாட்டிகினு, அவங்க ஊட்டு மொட்டை மாடில பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்தேன். அவன் படிக்கட்டுல நின்னுகினு உள்ள வரலாமான்னு இங்கிலீஷ்ல கேட்டான். செருப்ப கழட்டிட்டு வான்னேன். அவனப் பத்தி சொல்லச் சொன்னா, ரயில்வே ஸ்டேஷன் மைக் மாதிரி ஒரே மூச்சுல ஒப்பிச்சான். அடுத்த வண்டி எத்தனை மணிக்குன்னு கேட்டேன். அழுதுருவான் போல கீது.

ரெண்டாவது நாள் அவன் ரெஸ்யூமோட ஒரு போட்டோவையும் நீட்டுனான். கடைசி வருஷம் செஞ்ச ப்ராஜெக்ட்டாம். சைக்கிள் பெடல மிதிச்சா ரம்பம் முன்ன பின்ன போய் இரும்பு பைப்ப அறுக்கற மிஷினு. ரம்பத்து மேல ஒரு இரும்புக்கட்டி கீதே, அது எதுக்குன்னு சும்மா கேட்டேன். இங்கிலீஷ்ல ஒரு முழ நீளத்துக்கு ஒரு பேர் சொன்னான்.

நான் போட்டோவ கிட்ட வச்சுப் பார்த்தேன். சிரிப்பு தாங்கல. காயலாங்கடை பழைய இரும்புல நான் பொறுக்குன அஞ்சு கிலோ எடைக்கல்லு அது. அந்த மிஷின செஞ்சதே நான்தான்.

விஷயம் இன்னான்னா, காலேஜ் பசங்கள்ல பாதி பேரு ப்ராஜெக்ட்ட அவங்களா செய்யறதில்ல. அதுக்குன்னே கடைங்க கீது, போய் ரெடிமேடா வாங்கிப்பாங்க. அந்தக் கடைங்களுக்கு செஞ்சு குடுக்கறது எங்கள மாதிரி பட்டறைங்க. யாருக்குப் போவுதுன்னு எங்களுக்குத் தெரியாது. அவனும் கூட்டாளிங்களோட அப்டித்தான் வாங்கியிருக்கான், அதுவும் என் கைல செஞ்சத.

அதோட வுட்டுருக்கணும். நம்ம வாய் சும்மா இருக்குமா. மறுநாள் காலைல டீக்கடைல பத்து பேர வச்சுகினு, அவன் என் எடைக்கல்லுக்கு இங்கிலீஷ் பேர் சொன்னத நடிச்சே காமிச்சேன். சிரிச்சு முடிச்சுத் திரும்புனா அவன் பின்னாடி நிக்கிறான், கைல பால் பாக்கெட்டோட. வாங்குன பாலக் கூட கடைமேலயே வச்சுட்டுப் போயிட்டான்.

அன்னிக்கு சாயங்காலம் அவங்கம்மா என் ஊட்டுக்கே வந்துட்டாங்க. "இன்னாடா சொன்ன அவன்கிட்ட? இன்டர்வியூக்கு போலன்றான். ஷூவ தூக்கிப் பரண் மேல போட்டுட்டான்"னாங்க.

மன்னிப்புக் கேக்கறதெல்லாம் நமக்குப் பழக்கமில்ல. ஞாயித்துக்கெழம காலைலயே ஸ்பேனர் எடுத்துகினு அவங்க ஊட்டுப் பின்பக்கம் போனேன். காலேஜ்ல காமிச்சுட்டு தூக்கியாந்த அந்த மிஷினு அங்கதான் கீது, அவங்கம்மா அது மேல துணி காயப்போட்டிருந்தாங்க. துணிய எடுத்து வச்சுட்டு போல்ட்ட ஒண்ணொண்ணா கழட்ட ஆரம்பிச்சேன். சத்தம் கேட்டு வந்து நின்னான்.

"இன்னா, மிச்சம் மீதிய நடிக்க வந்தியா?"

"கழட்டிட்டேன் மாமே. நீ மாட்டு. உன் கையால மாட்டுனா உன் மிஷினு."

ரொம்ப நேரம் மொறைச்சான். அப்புறம் சட்டையக் கழட்டிட்டு உக்காந்தான். ரெண்டு தபா தப்பா மாட்டுனான், நான் வாயத் தொறக்கல. அது எனக்கு எவ்ளோ கஷ்டம்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். மூணாவது தபா சரியா வந்துச்சு. ஒரு பைப்ப வச்சு பெடல மிதிச்சான். மடார்னு பிளேடு ஒடஞ்சுது.

நான் வழக்கம்போல பிளேடு விக்கறவனத் திட்டுனேன். அவன் அந்த எடைக்கல்லயே பார்த்துகினு இருந்தான். "இதுக்கு ஏன் அஞ்சு கிலோ வச்ச?"ன்னான். ரம்பம் குதிச்சுது, கைல ஆப்ட்டத வச்சேன்னேன். உள்ள போய் ஒரு நோட்டு எடுத்தாந்து இன்னான்னாவோ கணக்கு போட்டான். ரெண்டு கிலோ போதும், இவ்ளோ பாரம் ஏத்துனா பிளேடு ஒடையத்தான் செய்யும்னான். எனக்கு நம்பிக்கையில்ல. தெருமுனைக் கறிக்கடைல ரெண்டு கிலோ கல்ல இரவல் வாங்கியாந்து, வேற பிளேடு மாட்டிக் கட்டுனோம். அவன் மிதிச்சான். பைப்பு அது பாட்டுக்கு அறுந்து கீழ வுழுந்துச்சு.

இதே மாதிரி ஏழெட்டு மிஷினு செஞ்சுருக்கேன். எல்லாத்துலயும் பிளேடு ஒடையும். ஒரு நாள் கூட ஏன்னு கேட்டதில்ல. அவனுக்கு மிஷினு செய்யத் தெரியலன்னு ஊரக் கூட்டி சிரிச்சவன் நான்.

திங்கக்கெழம நானே பைக்ல கூட்டிகினு போனேன். உள்ள போனவன் ஒன்றரை மணி நேரம் கழிச்சு வந்தான், மூஞ்சில ஒண்ணும் தெரியல.

"அந்த போட்டோவப் பார்த்து நீ செஞ்சதான்னு கேட்டாங்க. இல்ல சார், வாங்கினது, என் கூட்டாளி செஞ்சான், அவன் செஞ்சது தப்பு, நேத்துதான் நான் சரி பண்ணேன்னேன். பேப்பர் குடுத்து அந்தக் கணக்கப் போடச் சொன்னாங்க, போட்டேன்."

பத்து நாள்ல வேலைக்கு வரச்சொல்லி ஃபோன் வந்துச்சு. என் மானத்த வித்து வேலை வாங்குனவன்னு இன்னமும் ஓட்டிகினுதான் கீறேன். ஆனா டீக்கடைல இல்ல, அவன் எதிர்ல மட்டும். அன்னிக்கு நான் வாயால கெடுத்தத சரி பண்ண ஒரு ஞாயித்துக்கெழம மிச்சம் இருந்துச்சு. அதுவும் இல்லாமப் போயிருந்தா அவன் இன்னேரம் குடோன்ல மூட்டை எண்ணிகினு இருப்பான்னு நெனைக்கறப்ப, எனக்கு இப்பவும் சிரிப்பு பாதில நின்னுடும்.