வெள்ளைப் பின்னணியில் கிரகணம்

பஸ் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே பாஸ்போர்ட் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவரை ஊரில் 'சிரிக்காதீங்க' என்றுதான் சொல்வார்கள். ஸ்டூலில் உட்காருகிறவர்களிடம் அவர் பேசுவது அது ஒன்றுதான். பல் மருத்துவரிடமிருந்து நேராக வருகிறவர்களுக்கு அதையும் சொல்ல வேண்டியிருக்காது.

அந்த ஊரில் அவர் எடுக்காத முகம் இல்லை. எடுத்த படமெல்லாம் ஏதோ ஓர் அலுவலகத்தில் கன்னத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு கிடக்கிறது. "இது நீங்க எடுத்ததா?" என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டவர்கள் சண்டைக்கு வந்தவர்கள். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பது மனுஷனுக்கு ஆசை. அது ஏன் முழு சூரிய கிரகணமாக இருக்க வேண்டும் என்று மனைவி கேட்டதற்கு, "அது ஒண்ணுதான் 'என் மூக்கு இப்படியா இருக்கு'ன்னு திரும்பி வராது" என்றார்.

கிரகணத்தின் நிழல் போகும் பாதை பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸை வாடகைக்கு எடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து மனைவி, "நம்ம பிள்ளையக்கூட நீங்க இப்படித் தூக்கினதில்லை" என்றார்.

"பிள்ளை கீழ விழுந்தா அழும். இது விழுந்தா நான் அழணும்."

இந்த வேலையில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சூரியன் கொஞ்சமாவது தெரிகிறவரை லென்ஸின் முகத்தில் கறுப்பு ஃபில்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேமரா பொசுங்கிவிடும். நிலவு முழுசாக மறைத்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். சுற்றிலும் பூக்கிற அந்த வெள்ளை ஒளி அப்போதுதான், அதுவும் சில நிமிடங்கள்தான், கிடைக்கும். வாய் பிளந்து நின்று கழற்ற மறந்தவர்கள் ஏராளம். இவர் முன்ஜாக்கிரதையாக உள்ளங்கையில் 'கழற்று' என்று பேனாவால் எழுதிக்கொண்டார்.

"இந்தக் கையோட பஸ்ல எந்தப் பொம்பளை பக்கத்துலயும் உட்கார்ந்துடாதீங்க" என்றார் மனைவி.

மற்ற பொறுப்பெல்லாம் மனைவியின் தம்பிக்கு. அவருக்குக் கம்ப்யூட்டரில்தான் உத்தியோகம். நிற்கும் இடத்தையும் நேரத்தையும் தானே தெரிந்துகொண்டு, மின்னல் வேகத்தில் ஒன்று, நிதானமாக ஒன்று என்று விதவிதமான வேகத்தில் கேமராவைச் சொடுக்கும் ஒரு சாஃப்ட்வேரைப் பிடித்து வந்திருந்தார். ஜன்னல் வழியாகத் தெருவிளக்கை வைத்து நடந்த ஒத்திகையில் படமெல்லாம் கேமராவின் கார்டில் ஒழுங்காகத்தான் விழுந்தது. கிளம்புகிற நேரத்தில் தம்பிக்கு ஞானம் பிறந்தது.

"மாமா, கார்டுல எழுதினா லேட்டாகும். ஸ்டுடியோல எடுக்குற மாதிரி நேரா லேப்டாப்புக்கே வந்துடட்டும். நீங்க ஃபில்டர மட்டும் கழட்டுங்க. மத்ததெல்லாம் அது பார்த்துக்கும்."

"நீ சொன்னா சரி மாப்ள."

போய் இறங்கிய ஊரில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் மூவரும் நின்றார்கள். வெளிச்சம் சாயம் போன துணி மாதிரி ஆனது. கடைசிக் கீற்றும் போனதும் மைதானமே 'ஹோ'வென்றது. அவர் உள்ளங்கையைப் பார்க்கவே இல்லை. சரியான நொடியில் கை தானாகக் கழற்றியது. கேமரா படபடவென்று சொடுக்கியது. லேப்டாப்பில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அது எங்காவது நின்றுவிடப் போகிறதே என்று வைத்த கண் வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நிற்கவில்லை. வெளிச்சம் திரும்பியது. ஃபில்டரை மாட்டினார். எல்லாம் கச்சிதம்.

அப்புறம் படங்களைத் திறந்தார்.

எல்லாவற்றிலும் வெள்ளைவெளேரென்ற பின்னணியில், நட்டநடுவில், கறுப்பாக ஒரு வட்டம். எல்லாம் பாஸ்போர்ட் அளவில்.

ஸ்டுடியோவில் கூட்டம் சேர்ந்த காலத்தில் இதே தம்பி இதே லேப்டாப்பில் செய்துவைத்த ஒரு புரோகிராமின் உபகாரம் அது. வருகிற படத்தில் தலையைக் கண்டுபிடித்து, பின்னணியை வெள்ளையாக்கி, பறக்கிற முடியைத் துடைத்து, அளவாக வெட்டி, இடத்தை அடைக்காமல் அசலை அழித்துவிடும். கேள்வி கேட்காது. நிலவைத் தலை என்று எடுத்துக்கொண்டது. சுற்றியிருந்த ஒளியைப் பறக்கிற முடி என்று எடுத்துக்கொண்டது. துடைத்துவிட்டது.

தம்பி உட்கார்ந்து, அழிந்ததை மீட்க எதையெதையோ தட்டினார். ஒன்றும் திரும்பவில்லை. அழித்த இடத்தை அப்போதைக்கப்போது சுத்தமாகக் கழுவிவிடுகிற டிஸ்க் அது. அதுவும் தம்பி வாங்கிக்கொடுத்ததுதான்.

"மாமா, திட்டிடுங்க. சும்மா இருக்காதீங்க."

அவர் திட்டவில்லை. மனைவியிடம் திரும்பி, "நீ பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேன்."

"ஒளி எந்தப் பக்கம் நீளமா இருந்துச்சு?"

"தெரியலைங்க. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எல்லாம் கலங்கலாத்தான் தெரிஞ்சுது." கொஞ்சம் பொறுத்து, "ஏன், நீங்க பார்க்கலையா?"

"நான் எண்ணிக்கையப் பார்த்துட்டு இருந்தேன்."

மனைவி அவர் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார். இந்த விஷயத்தில் கேலி செய்ய அவருக்கே ஒன்றும் அகப்படவில்லை போல.

"மாப்ள, நம்ம பக்கம் இது அடுத்து எப்போ வரும்?"

தம்பி போனில் தேடினார். கண்டுபிடித்ததும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சொல்லுப்பா. நான் என்ன அடிக்கவா போறேன்?"

வருடத்தைச் சொன்னார். மனைவி விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, புருஷனின் வயதைக் கூட்ட வேண்டிய இடத்தில் கையைப் புடவைக்குள் மடக்கிக்கொண்டார்.

"லென்ஸக் காலையிலயே திருப்பிக் கொடுக்கணும்" என்று சொல்லி அவர் ஸ்டாண்டின் கால்களை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினார். மைதானத்தில் இன்னும் சிலர் கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நிமிரவில்லை.