மறுபடி ஒரு தலைமுழுக்கு

அந்த லாரியின் அச்சு எங்கள் தோட்டத்து எதிரே முறியாமல் இன்னும் ஒரு மைல் தள்ளி முறிந்திருந்தால், எங்கள் வீட்டில் இன்றைக்கு யாரும் தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

யுத்த சமயம். பெங்களூரிலிருந்து திருச்சிக்கு விமானச் சாமான் ஏற்றிப்போகும் ராணுவ லாரிகள் எங்கள் நாமக்கல் ரோட்டில் வரிசையாகப் போகும். அதில் ஒன்று பின்னச்சு முறிந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டது. மற்ற லாரிகள் போய்விட்டன. காவலுக்கு ஓர் அமெரிக்கச் சிப்பாயை மட்டும் விட்டுப்போனார்கள். புது அச்சு வரும்வரை அவன் அங்கேயே கிடக்கவேண்டும். நான் சேலத்தில் இண்டர்மீடியட் முடித்துவிட்டு, மேலே படிப்பதா மாடு ஓட்டுவதா என்று முடிவாகாமல் வீட்டில் பொருமிக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் பேச ஓர் ஆள் வாசலில் வந்து விழுந்தால் விடுவேனா?

அம்மா வெள்ளைக்காரனுக்கென்று காப்பி போட்டுக் கொடுத்தனுப்பினாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றான். டீ? அதுவும் வேண்டாம். பக்கத்துத் தோட்டத்து மாமன் நீட்டிய சுருட்டும் வேண்டாம். எங்கள் மதத்தில் இதெல்லாம் கூடாது என்றான்.

"என்ன மாப்ள, நம்ம ஜில்லாவுலதான் மொதமொதல்ல கள்ளுக்கடைய மூடுனாங்க. இப்பக் காப்பிக்கும் சட்டம் வந்துருச்சா?" என்றார் மாமன். "இவன் காந்தி கட்சியா இருப்பான், பட்டாளத்துல மறைஞ்சு வந்திருக்கான்."

மோர் கொடுத்தோம். குடித்துவிட்டு இன்னும் கேட்டான். அதிலிருந்து அம்மாவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

அவன் மதத்தின் பெயர் மார்மன் என்றான். நான் கேள்விப்பட்டதே இல்லை. பெரிய உப்பு ஏரி ஒன்றின் பக்கத்தில் அவன் ஊர். அவன் பாட்டன்மார் பொட்டல் காட்டுக்குப் போய், மலைத்தண்ணீரை வாய்க்கால் வெட்டி இறக்கிப் பயிர் வைத்தார்களாம். இதைச் சொன்னபோது, கிணற்று மேட்டில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அப்பா மாட்டை நிறுத்திவிட்டு, "எத்தனை அடி வாய்க்கான்னு கேளுடா" என்று கத்தினார். அப்பா அவனிடம் அக்கறையாகக் கேட்டது அந்த ஒன்றுதான், அன்றைக்கு.

எனக்கோ வேறு வெறி. எங்கிருந்து வந்தோம், எதற்கு வந்தோம், செத்தால் எங்கே என்று ஹாஸ்டலில் நாங்கள் தொண்டை கட்டும்வரை வாதாடியிருக்கிறோம். இவனிடம் மூன்றுக்கும் பதில் இருந்தது. பிறப்பதற்கு முன்பே நாம் எல்லோரும் கடவுளிடம் பிள்ளைகளாக இருந்தோமாம். உடம்பு எடுக்கவும், நல்லது கெட்டதை நாமே தேர்ந்து பழகவும் இங்கே வருகிறோம். வரும்போது பழைய ஞாபகம் திரை போட்டு மூடப்படுகிறது. புத்தகத்தை வெளியே வைத்துவிட்டுப் பரீட்சைக்குள் போகிற மாதிரி என்று எனக்குப் பட்டது. செத்தபிறகு சூரியன், சந்திரன், நட்சத்திரம் போல மூன்று தரத்து வெளிச்சங்கள். அநேகமாக எல்லோருக்கும் ஏதாவது ஒன்று உண்டு. முறைப்படி சேர்த்துவைத்த குடும்பம் செத்தபிறகும் குடும்பமாகவே இருக்கும்.

சுடச்சுட வந்து அம்மாவிடம் ஒப்பித்தேன்.

"செத்தப்பறமும் உங்கப்பன் கூடத்தானா?" என்றாள் அம்மா. "அது ஒண்ண மட்டும் வேண்டாம்னு சொல்லிப்போடு."

சிரித்தாள். சிரித்தவள் முகம் அப்படியே இறங்கிப்போனது. நான் வாயை மூடியிருக்கவேண்டும். எங்கள் வீட்டில் செத்தவர்களைப் பற்றிப் பேச்சு எடுப்பதில்லை, அக்கா போனதிலிருந்து.

அக்கா ஆத்தூர்ப் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைசெய்த கம்பவுண்டரைக் கட்டிக்கொண்டு போனவள். வேறு ஜாதி, கிறிஸ்துவ வேதக்காரர். அவள் போன மறுநாள் அப்பா பங்காளிகள் நடுவில் கிணற்று மேட்டில் நின்று, கட்டிய வேட்டியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். தலைமுழுகிவிட்டார். செத்துப்போனவளாக நினைத்து அவளைக் கைவிட்டாயிற்று என்று அர்த்தம். அதன்பின் அவள் பெயர் வீட்டுக்குள் வரவில்லை. போன மாசிமாதம் பிரசவத்தில் அக்காவும் போய்விட்டாள், குழந்தையும் போயிற்று. அப்பா சமாதானமாகிவிடுவார், அவரைக் கேட்காமல் மதம் மாறவேண்டாம் என்று அவள் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அதனால் கல்லறைச் சுவருக்கு உள்ளே இடம் கொடுக்கவில்லை. இங்கே நாங்கள் கருமாதி செய்யவில்லை. தாயையும் பிள்ளையையும் சுவருக்கு வெளியே புதைத்ததாகக் கம்பவுண்டர் ஆள் அனுப்பினார்.

அதிலிருந்து அம்மாவுக்கு ஒரே நினைப்பு. அவள் எங்கே நிற்கிறாள்?

மறுநாள் மத்தியானம் அம்மா மோர்ச்செம்போடு தானே லாரிப் பக்கம் வந்தாள்.

"சாமி, அந்தத் தொரைகிட்டக் கேளு. ரெண்டு பக்கமும் சேத்துக்காம செத்தவ எங்க போவா? அவளுக்கு அந்த நட்சத்திரமாச்சும் கெடைக்குமா?"

இவன் ஏதாவது நரகம் கிரகம் என்று சொல்லிவிட்டால் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கேட்டேன். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். குழந்தையைப் பற்றி முதலில் சொன்னான். சின்னக் குழந்தைக்கு ஞானஸ்நானமே தேவையில்லை. அதற்குப் பாவம் கிடையாது, அது நேரே கடவுளிடம் போயிற்று. அம்மாவிடம் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அக்கா. அவளுக்கு அங்கேயும் போதனை உண்டு, அவளும் கேட்கலாம். ஆனால் தண்ணீரில் முங்குவது இந்தப் பூமியில், உடம்போடு நடக்கவேண்டிய காரியம். செத்தவளுக்கு உடம்பு இல்லை. ஆகவே அவளுக்காக, அவள் பெயரைச் சொல்லி, உயிரோடிருக்கிற ஒருத்தி முங்கலாம்.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அவசரத்தில் சொல்லிவிட்டேன்: "அம்மா! அவளுக்காக உசுரோட இருக்கறவங்க தலைமுழுகோணும்ங்கறான்!"

அம்மா செம்பை அப்படியே கீழே வைத்தாள்.

"இன்னொருக்காவா? ஒருக்கா முழுகுனது பத்தலையாமா இவனுக்கு?"

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். சிப்பாய் நான் என்ன சொன்னேன் என்று கேட்டு என் கையைப் பிடித்தான். உதறிவிட்டு அம்மா பின்னால் ஓடினேன். வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தத் தலைமுழுக்கு இல்லம்மா. இது வேற. அவளுக்குப் பதிலா ஒருத்தி தண்ணிக்குள்ள முங்கி எந்திரிக்கறது. மசுரு மேல மெதந்தாக்கூடச் செல்லாதாம், மறுக்கா முங்கோணுமாம். முங்குனாத்தான் அவங்க கூட்டத்துல சேத்துக்குவாங்களாம்."

"தள்ளறதுக்கு இல்லயா?"

"இல்ல. சேக்கறதுக்கு."

வாய்க்கால் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டாள். "அவளுக்குப் புடிக்கலைன்னா?" என்றாள். ஓடிப்போய்க் கேட்டுவந்தேன். பிடிக்கவில்லை என்றால் அவள் அங்கே மறுத்துவிடலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. "அப்ப நல்ல சாமிதான்" என்று எழுந்தாள்.

அவன் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் அதற்கென்றே ஓர் ஆலயம் உண்டு, அங்கேதான் நடக்கும். பெண்ணுக்குப் பெண்தான் முங்கவேண்டும். அவன் தங்கை செய்வாள். மதப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு எழுதுகிறேன் என்றான். அக்காவின் பெயர், பிறந்த நாள், ஊர், தாய் தகப்பன் பெயர் வேண்டும். பிறந்தது பெரிய விஷக்காய்ச்சல் வந்த வருஷம், ஆடிநோம்பிக்கு மறுநாள் என்றாள் அம்மா. நான் கணக்குப் போட்டு இங்கிலீஷ் தேதி சொன்னேன். தகப்பன் பெயர் என்றதும் அம்மா நின்றுவிட்டாள். புருஷன் பெயரை அவள் ஆயுசில் உச்சரித்ததில்லை.

"நான் சொல்றேன்" என்றேன்.

"நீ சொன்னா அது உன்ற பேச்சு. தலைமுழுகுனது அவரு. அவரு வாயில வரோணும்."

அன்று சாயங்காலம், மறுநாள் காலையில் அச்சு வந்துவிடும், வந்ததும் லாரி கிளம்பிவிடும் என்று செய்தி வந்தது. சாப்பாட்டில் அம்மா எடுத்தாள்.

"ஏனுங்க, உங்க பேரை அந்தத் தொரைகிட்டச் சொல்லோணுமுங்க. நம்ம மகளுக்கு."

அப்பா பிசைந்த கையோடு எழுந்துவிட்டார். "எனக்கு ஒரே பையன். வேற யாரும் கெடையாது."

காலையில் அச்சும் வந்தது, மாட்டுவதற்கு இரண்டு ஆட்களும் வந்தார்கள். நான் லாரிக்கும் கிணற்று மேட்டுக்குமாக ஓடினேன். அப்பா கவலையை நிறுத்தவில்லை. மாடுகள் பின்னால் போகின்றன, முன்னால் வருகின்றன, தோல்சால் தண்ணீரைக் கொட்டுகிறது. என்னைப் பார்க்கவே இல்லை. அம்மா ரோட்டோரம் புளியமரம் மாதிரி அசையாமல் நின்றாள். சக்கரம் ஏறிவிட்டது. முடுக்கிய நட்டையே சிப்பாய் மறுபடி மறுபடி முடுக்கினான். எனக்காகத்தான் அப்படிச் செய்தான் என்று நினைக்கிறேன். வந்த ஆட்கள் சத்தம் போட்டார்கள். எஞ்சின் உறுமியது.

அப்போது சால் கொட்டும் சத்தம் நின்றது. அப்பா ஈரக்காலோடு வந்தார். சிப்பாயைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

"வேண்டாம்னா வேண்டாம்னு அவ சொல்லலாமாமே. நெசந்தானா?"

"நெசந்தானுங்கப்பா."

"அப்ப நான் பேரைச் சொல்லக்கூடாதுடா. என்ற மேல கோவமாத்தான் போயிருப்பா. நான் அனுப்புனதுன்னு தெரிஞ்சா, கெடைக்கறதையும் வேண்டாம்னு போட்டுருவா."

இதைத்தான் ராத்திரி முழுக்க அவர் நினைத்துக்கொண்டு கிடந்தாரா? அம்மாதான் கிட்டே வந்தாள்.

"வேண்டாம்னு அவ சொல்லட்டுமுங்க. அவளுக்கு முந்தி நீங்க சொல்லாதீங்க."

அப்பா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தன் பெயரைச் சொன்னார், தன் அப்பன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். எஞ்சின் சத்தத்தில் சிப்பாய்க்குக் காதில் விழவில்லை. அதுவும் பெயரில் இருந்த 'ழ' அவன் வாயில் நுழையவே இல்லை; நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவன் தன் சின்ன வேதப்புத்தகத்தின் அட்டையில் எழுதிக்கொண்டே அப்பாவைக் காட்டி, பிறகு எழுதியதைக் காட்டி, ஜாடையில் கேட்டான்: இவள் உங்களுடையவளா?

"என்னடா கேக்கறான்?"

"அவ உங்க மகளான்னு கேக்கறானுங்கப்பா."

"ஆமா!" என்று கத்தினார் அப்பா. அவனுக்கு மறுபடியும் கேட்கவில்லை. "என்ற மகதான்! என்ற மூத்த மக!" என்று எஞ்சினை மிஞ்சிக் கத்தினார். அச்சு மாட்ட வந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துத் தோட்டத்து மாமன் வரப்பில் நின்றுவிட்டார். லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

அதன்பிறகு கடிதம் வரவில்லை. யுத்தக் கடுதாசி கப்பலில் போய்ச் சேர்ந்ததா, அவனே உயிரோடு இருக்கிறானா, அவன் பெரியவர்கள் அனுமதித்தார்களா, எங்களுக்குத் தெரியாது. தேதியை நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு வேறு ஒரு பயம். அம்மா முன்போல அவள் எங்கே நிற்கிறாள் என்று கேட்பதில்லை. இப்போது கேட்பது அப்பா. கவலை ஓட்டுகிறபோது, சால் கிணற்றுக்குள் இறங்கி முங்கும் நேரத்தில் மாட்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, கீழே தண்ணீரைப் பார்த்தபடி கேட்கிறார்.

"இந்நேரம் அந்தத் தொரையோட தங்கச்சிப் புள்ள முங்கியிருக்குமாடா?"

"முங்கியிருக்குமுங்கப்பா."

"அவ சரின்னிருப்பாளா?"