செவ்வாய்க்கிழமைகளில் கதவைத் திறக்கிறவள்

வீட்டுக் கதவின் மின்பூட்டு கைப்பேசியில் எனக்கு ஒரு வரி எழுதியிருந்தது. உங்கள் வீட்டுக்குள் யார் யார் வரலாம் என்பதைச் சரிபார்த்து நாளாகிறது.

கிளினிக்கில் தேநீர் நேரம். நான் மருந்துக் கவுண்டரில் எண் கூப்பிடுகிறவள். பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கிறவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், என்னைவிட இருபது வயது இளையவள். கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“அக்கா, நீங்க ஒருத்தி இருக்கிற வீட்டுக்கு ஆறு பேரு வரலாமாம்! இது வீடா, பஸ் ஸ்டாண்டா?”

இருந்தார்கள். பூட்டைப் பொருத்தியவன் ‘டெஸ்ட்’ என்ற பெயரில் இன்னும் இருந்தான். கூரை ஒழுகியபோது வந்த மேஸ்திரி. பின்னறையில் தங்கியிருந்து ஜொகூருக்கு மாற்றலாகிப் போன ஆசிரியை. ஒரு வாரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய எதிர்வீட்டுக்காரர். தங்கச்சி பெயரைத் தொட, நீக்கட்டுமா என்று பூட்டு கேட்க, நான் தலையாட்ட, நான்கு பேர் வெளியேறினார்கள். சாவியைக் கேட்டுக் கை நீட்ட வேண்டியதில்லை, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இவ்வளவு சுலபமாகவா ஒருவரை வீட்டைவிட்டு அனுப்புவது?

மீதி இரண்டு. நான். அம்மா.

“அம்மா பேரையும் எடுத்துரவா, க்கா?” குரல் இறங்கியிருந்தது. அம்மா இறந்து எட்டு மாதம்.

“இரு” என்றேன்.

“கடைசியா எப்ப தொறந்தாங்கன்னு பாத்து வச்சிக்குங்க. ஒரு ஞாபகத்துக்கு.” எதையோ தொட்டாள். கைப்பேசியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

அம்மா. முன்கதவு. போன செவ்வாய், காலை 11.06. அதற்கு முந்திய செவ்வாய், 11.10. அதற்கும் முந்திய செவ்வாய்.

சத்தம் தொல்லை என்று அறிவிப்புகளை நான் எப்போதோ அணைத்திருந்தேன். அதனால் எட்டு மாதமாக எனக்குத் தெரியவில்லை. தேநீரில் ஆடை படிந்தது.

யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. சில செவ்வாய் மாலைகளில் வீடு திரும்பும்போது அம்மாவின் படத்துக்குக் கீழே தரையில் வெள்ளைப் பொடி கிடக்கும். மெல்லியது, விரலில் ஒட்டும். திருநீறு என்றே நினைத்தேன், படத்திலிருந்து உதிர்கிறது என்று. பெருக்கித் தள்ள மனம் வராமல் ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்தேன். காலையில் கிளம்பும்போது ஒரு சிட்டிகை நெற்றியில். நாளெல்லாம் மருந்துக்கு லேபிள் ஒட்டுகிறவள்தான் நான். இருந்தும்.

அம்மாவை சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு அழைத்து வந்தவள் நான். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டிருந்தார்கள். தொழிலாளர் லயத்தில் நாலு வீட்டில்தான் விளக்கெரிந்தது. தம்பிக்கு அவளைக் கிளப்பியது பிடிக்கவில்லை. வந்த வாரமே பூட்டு அம்மாவை மறுத்தது. முப்பது வருடம் பால்மரம் வெட்டிய, பட்டை சீவிப் பாலெடுத்த கை. உளியும், பால் உறைய ஊற்றும் ஆசிட்டும் ரேகையைத் தின்றிருந்தன. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தோம். சிவப்பு விளக்கு சிமிட்டியது.

“நான் மனுசி இல்லங்குதா ஒம் பூட்டு?” என்று அம்மா சிரித்தாள்.

எண் வைத்துத் தருகிறேன் என்று நாளைத் தள்ளினேன். ஒரு மத்தியானம் குப்பை போட வெளியே போனவளுக்குப் பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. தம்பி அன்று தற்செயலாக வந்திருக்கிறான். அம்மா கேட்டுக்கு வெளியே சாக்கடைத் திட்டில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலையே எண் வைத்தேன். அம்மாவுக்கு மறக்காத எண் ஒன்றுதான்: விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணும்போது, தோட்டத்துக் கிராணி அவளைக் கூப்பிட்ட மூன்று இலக்கம். பூட்டு ஆறு கேட்டது. அதையே இரண்டு தடவை அடிக்கச் சொன்னேன். கதவு திறந்ததும் பூட்டைப் பார்த்து “இருக்கேங்கய்யா” என்றாள்.

அவள் இறந்த அன்று, கூட்டத்துக்கு நடுவில் தம்பி என் முகத்துக்கு நேராகச் சொன்னான்: “எங்கம்மாவ வெயில்ல ஒக்கார வச்ச வீடு இது. இனிமே இந்தப் படியேறுனேன்னா என்னைய செருப்பால அடி.” பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. என் போனை எடுப்பதில்லை.

அடுத்த செவ்வாய் விடுப்பு எடுத்தேன். வீட்டுக்குள் இருக்கத் தைரியமில்லை. சாலை முனையில், மூடிக்கிடந்த ரொட்டிக் கடை முன் காரை நிறுத்தி உட்கார்ந்தேன். “க்கா, பேயா இருந்தா போட்டோ புடிங்க லா” என்று தங்கச்சி செய்தி அனுப்பினாள். அம்மாவாக இருக்கவேண்டும் என்று வேண்டினேனா, இருக்கக்கூடாது என்றா, இன்றும் சொல்லத் தெரியவில்லை.

என் வீட்டுக்குப் பக்கத்துத் திடலோரம் ஒரு கல் லோரி வந்து நின்றது. சிம்பாங் பூலாய் பக்கம் மலையை உடைத்து ஏற்றிவரும் லோரி. இறங்கியவனுக்குத் தலை, புருவம், முன்னங்கை எல்லாம் வெள்ளை. தம்பி. கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினான். கதவருகே குனிந்து எண்ணை அடித்தான். “என் நம்பர ரெண்டு தடவ அடிச்சா தொறக்குதுடா” என்று அம்மா அவனிடம் போனில் பெருமை பேசியதை நானே கேட்டிருக்கிறேன்.

இருபது நிமிடம். வெளியே வந்தபோது தூசி பூசிய முகத்தில் இரண்டு கோடுகள் மட்டும் தோலின் நிறத்தில் இருந்தன.

கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டிருந்தால் அதுவே கடைசி. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் சொன்ன சொல்லுக்காகவே பிறகு வரமாட்டான். இருக்கைக்குக் கீழே குனிந்துகொண்டேன், ஐம்பது வயதில், என் தெருவிலேயே, திருடி மாதிரி.

உள்ளே போனேன். படத்துக்குக் கீழே பொடி. கல்தூள். கிண்ணத்தை எடுத்துப் பார்த்தேன். எட்டு மாதத் தம்பி. கொட்டவில்லை.

மறுநாள் தங்கச்சி நாற்காலியை இழுத்துப் போட்டாள். “யாரு க்கா?”

“அம்மாதான்.”

“வெளையாடாதீங்க.” என் முகத்தைப் பார்த்தாள். “அப்ப பேர எடுக்கவேணாமா?”

“வேணாம்.”

அறிவிப்பை மட்டும் திரும்பப் போட்டுக்கொண்டேன். அதிலிருந்து செவ்வாய்க்கிழமைகள் வேறாகிவிட்டன. போன வாரம் நல்ல மழை. பதினொன்று தாண்டியது. பதினொன்றரை. கைப்பேசி அசையவில்லை. மலைச்சாலையில் லோரி வழுக்கும். அல்லது அவனுக்குப் போதுமாகிவிட்டது. அப்படியானால் எனக்கு இரண்டு பேரும் இல்லை.

“அக்கா,” தங்கச்சி முழங்கையால் இடித்தாள். “அந்த நம்பரையே திரும்பக் கூப்புடுறீங்க. அவங்க மருந்து வாங்கிட்டுப் போயாச்சு.”

பன்னிரண்டு நாற்பதுக்கு மேசை அதிர்ந்தது.

அம்மா. முன்கதவு. திறந்தது.