அண்ணன் புரட்டிய பக்கம்

போன மாதம் அண்ணனை அடக்கம் செய்தோம். நேற்று போனில் ஒரு ஜப்பானிய அனிமே கார்ட்டூன் பார்த்தேன். கடைசியில் வீரன் சாகிறான், தங்கை அவன் மேல் விழுந்து அழுகிறாள். இது அண்ணன் சொன்ன கதையாச்சே!

என் சின்ன வயதில், ஓசூருக்குத் தக்காளி லோடு ஏற்றிப்போன அண்ணன் இதன் மங்கா படக்கதைப் புத்தகத்தை வாங்கிவந்தான். அதை வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. எழுத்தும் புரியாது. தக்காளி வாசம் அடித்த பக்கங்களை நம் புத்தகம் மாதிரியே, அதன் கடைசிப் பக்கம் முதலாகப் புரட்டி, படம் பார்த்துக் கதை சொன்னான்.

“செத்தவன் எப்படிண்ணா எந்திரிச்சான்?”

“தங்கச்சி அழுவுறா இல்ல? அதான் எந்திரிச்சு வூட்டுக்குப் போறான். குறுக்க பேசாத, கழுத!”

இன்று புத்தகத்தைத் தேடி எடுத்து, அண்ணன் புரட்டிய பக்கத்திலிருந்தே புரட்டினேன். வீரன் எழுந்தான். காயம் ஆறியது. வீட்டு வாசலில் தங்கை சிரித்தாள். அனிமே எடுத்தவர்களுக்கே தெரியாத கதையை எனக்குக் கொடுத்தாயே அண்ணா, அது போதும்.